புதுப்பிப்பு: மாடியில் அரைக்கீரை சாய்வது, பாலக் கருகுவது – தீர்வு

நிழல்வலைக்குள் அரைக்கீரை நெடுநெடுவென வளர்ந்து சாய்கிறது, இலையடியில் வெள்ளைக் கொப்புளங்கள், வெளியே வைத்த பாலக் கருகுகிறது என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

இரண்டையும் இடம் மாற்றச் சொன்ன யோசனைதான் பலித்தது. அரைக்கீரை வகைகளுக்கு முழு வெயில் வேண்டும். நிழலில் தண்டு நீளும், இலை சிறுக்கும். வெயிலுக்கு மாற்றி, நாற்றுகளை 10 செ.மீ. இடைவெளிக்குக் கலைத்ததும் தண்டு தடித்தது. கொப்புளம் வெண்துரு நோய்; ஈர இலையில்தான் பரவும். நோயிலைகளைக் கிள்ளி அகற்றி, காலையில் வேரில் மட்டும் நீர் ஊற்றியதில் அடங்கியது. அருகிலேயே இருந்த அர்கா சுகுணா என்ற தண்டுக்கீரை ரகத்தில் கொப்புளம் மிகக் குறைவு. வெண்துருவை ஓரளவு தாங்கும் ரகம் அது; மழைக்காலத்துக்கு அதையே விதைக்கலாம்.

எதிர்பாராதது பாலக். பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீத நிழல்வலைக்குள் மாற்றியும் மதியம் வாடியது. காரணம் மாடித் தளத்தின் சூடு. பைகளைச் செங்கல் மேல் ஏற்றி, மண்ணை 5 செ.மீ. காய்ந்த சருகால் மூடியபின் வாடவில்லை.