பெண்டரின் நம்பரும் நான்கு டிபன் டப்பாக்களும்

‘ஃபியூச்சராமா’ என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரின் 2025 சீசனைப் பார்த்தவர்கள் அவரவர் அனுபவத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் ஒன்று இருக்கிறது. நான் கார்ட்டூன் பார்க்கிற ஆள் இல்லை. கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன்.

2025 சரஸ்வதி பூஜை லீவு. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் வேலந்தாவளம் வழியாக பஸ் ஏறி வந்திருந்தான். எங்கள் பக்கம் புத்தகத்தைப் பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி காலை வரை எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது. அவன் திண்ணையில் சாய்ந்தபடி போனில் அந்த செப்டம்பரில் வந்திருந்த 13-வது சீசனைப் பார்த்துக்கொண்டிருந்தான். 10 அத்தியாயமாம். உள்ளே அவலுக்கு வெல்லம் சீவிக்கொண்டிருந்த எனக்கு அவன் சிரிப்புதான் கேட்டுக்கொண்டே இருந்தது. “பெரியவங்க பார்க்கிற கார்ட்டூன் சித்தி, உங்களுக்குப் பிடிக்காது” என்றான். அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் எட்டிப் பார்த்திருக்கவே மாட்டேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பீட்சா டெலிவரி செய்யும் ஃப்ரை என்ற பையன் 1999 டிசம்பர் 31 இரவில் உறைந்துபோய், ஆயிரம் வருஷம் கழித்து 2999-ல் கண் விழிக்கிறான். ஒற்றைக்கண் லீலா, சாராயம் குடித்தால்தான் ஓடுகிற ரோபோ பெண்டர், தள்ளாத வயதில் ஒரு விஞ்ஞானி, இவர்களோடு பார்சல் கொண்டுபோகிற வேலையில் சேர்கிறான். மேட் க்ரோனிங் உருவாக்கியது. 1999-ல் தொடங்கி, 2003-ல் நின்று, வேறொரு சேனலில் திரும்பி வந்து, 2013-ல் மறுபடியும் நின்று, 2023-லிருந்து வருஷத்துக்கு ஒரு சீசனாக வந்துகொண்டிருக்கிறது. இத்தனை தடவை நிறுத்தியும் அதை எழுதுகிறவர்கள் விடவில்லை என்பதிலேயே எனக்கு அவர்கள் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

புது சீசனில் நான் பார்த்தவரை சிரிப்பு வந்தது, ஆனால் மனசில் ஒட்டவில்லை. அப்புறம் அவன் பழையதில் ஒன்றைப் போட்டான். “சித்தி, இங்க வாங்க. இந்த நம்பரைப் பாருங்க.” பெண்டருக்கு அவனைத் தயாரித்த இயந்திரம், அதாவது அவன் அம்மா, ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறது. அதில் மகன் எண் 1729 என்று இருக்கிறது.

கையில் வெல்லத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். 1729 என்றால் யாருடைய எண் என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்திருக்கிறது. ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் லண்டனில் உடம்பு முடியாமல் படுத்திருந்தபோது, பார்க்க வந்த இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண் 1729, சுவாரசியமே இல்லாத எண் என்றார். இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் அது என்றார் ராமானுஜன். 1-ன் கனமும் 12-ன் கனமும் கூட்டினாலும் 1729, 9-ன் கனமும் 10-ன் கனமும் கூட்டினாலும் 1729. கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஈரோடு அப்படியொன்றும் தூரமில்லை. அந்த எண் அமெரிக்கா போய் ஒரு ரோபோவின் அடையாளமாக உட்கார்ந்திருக்கிறது. எழுத்தாளர்கள் யாரென்று விசாரித்தேன். டேவிட் எக்ஸ். கோஹன் ஹார்வர்டில் இயற்பியல் படித்தவர். கென் கீலர் கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

அந்தக் கீலர் 2010-ல் எழுதிய அத்தியாயம்தான் என்னை ஒரு வழி பண்ணியது. ஒரு இயந்திரம் இரண்டு பேரின் மனசை உடம்பு மாற்றிவிடும். ஆனால் ஒருமுறை மாறிய அதே இரண்டு உடம்புகள் மறுபடியும் தங்களுக்குள் மாற முடியாது. ஆளாளுக்கு மாறி எல்லாம் குழம்பிப்போகிறது. எத்தனை பேர் எப்படிக் குழம்பியிருந்தாலும், இதுவரை மாறாத இரண்டு பேர் கூடுதலாக வந்தால் போதும், அத்தனை பேரையும் பழையபடி சேர்த்துவிடலாம் என்று கதைக்குள்ளேயே நிரூபிக்கிறார்கள். அந்தக் கதைக்காகவே கீலர் கண்டுபிடித்து நிரூபித்த தேற்றம் அது. கணக்கு சரியா என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் பேனா எடுக்கக் கூடாதே!

ட்யூஷன் இல்லை என்று சொல்லியும் நாலு பிள்ளைகள் திண்ணைக்கு வந்திருந்தார்கள். படத்தை அவர்களுக்குக் காட்டவில்லை, அதில் வருகிற பேச்சு பிள்ளைகளுக்கானது இல்லை. கதையை மட்டும் சொல்லிவிட்டு, சிவப்பு மூடி டப்பா ஒன்று, பச்சை மூடி டப்பா ஒன்று, எவர்சில்வர் டப்பாவில் பெரிசு ஒன்று, சின்னது ஒன்று எடுத்து வைத்தேன். டப்பாதான் உடம்பு. உள்ளே மனசு வேண்டுமே? சிவப்புக்கு மஞ்சாடிக்குரு என்கிற சிவப்பு விதை, பச்சைக்கு நெல்லிக்காய், பெரிசுக்குப் புளியங்கொட்டை, சின்னதுக்கு உப்புக்கல்.

முதலில் சிவப்பும் பச்சையும் மாற்றிக்கொண்டன. மஞ்சாடி பச்சையில், நெல்லி சிவப்பில். நேராகத் திருப்பக் கூடாது. பிள்ளைகள் எதை எதையோ மாற்றி, முதலிலிருந்து தொடங்கி, சண்டை போட்டு, அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் பிடித்துவிட்டோம். சிவப்பும் பெரிசும் மாறட்டும். பச்சையும் சின்னதும் மாறட்டும். இப்போது மஞ்சாடி சின்னதில், நெல்லி பெரிசில். அடுத்து சிவப்பும் சின்னதும்: மஞ்சாடி வீட்டுக்கு வந்தது. பச்சையும் பெரிசும்: நெல்லி வந்தது. மிச்சம் புளியங்கொட்டையும் உப்புக்கல்லும்தான் இடம் மாறிக் கிடந்தன. பெரிசும் சின்னதும் அதுவரை தங்களுக்குள் மாறவே இல்லை, அதனால் மாறலாம். ஐந்தே மாற்றம், எல்லாம் அதனதன் இடத்தில்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, சாதாரணமாக வாய் திறக்காதவள், கேட்டாள்: “டீச்சர், மூணு பேர் சுத்தி மாறியிருந்தா?” முடியும் என்று தெரியும், எத்தனை மாற்றம் என்று அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. “நீயே பாரு கண்ணு” என்றேன். டப்பாக்களை வீட்டுக்குக் கேட்டாள், கொடுத்து அனுப்பினேன்.

இதற்கிடையில் அக்கா மகன் இன்னொன்றும் போட்டுக் காட்டினான். அந்த விஞ்ஞானி மொழிபெயர்க்கும் இயந்திரம் செய்திருப்பார். ஆனால் அது யாருக்கும் புரியாத, செத்துப்போன ஒரு மொழியில்தான் பேசும். எது என்று பார்த்தால் பிரெஞ்சு. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பஸ் போர்டு மலையாளத்தில் இருக்கிற ஊரில், வருஷா வருஷம் குறைந்துவரும் தமிழ் வகுப்பை வைத்துக்கொண்டிருப்பவள் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனிடம் அதைச் சொல்லவும் இல்லை.

விஜயதசமி காலையில் புத்தகம் எடுத்த கையோடு அந்தப் பெண் வந்தாள். வாசலில் பிள்ளைகள் முதலெழுத்து எழுத மணல் பரப்பி வைத்திருந்தேன். கேட்காமலே உட்கார்ந்து, விரலால் ஜோடி ஜோடியாக எழுதிக்கொண்டே போனாள். ஆறு ஜோடி. ஒன்றுகூட இரண்டாம் தடவை வரவில்லை. நான் டப்பாக்களை வைத்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். கடைசியில் உப்புக்கல் சின்ன டப்பாவுக்குள் போய் விழுந்தது.