தண்ணீரை அளந்தால் போதுமா, ஆளை அளக்க வேண்டாமா?

ஒரத்துப்பாளையத்தான்:
போன வாரம் இந்தக் குழுவில் ஒருவர் தன் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில், கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் படம் போட்டிருந்தார். லிட்டருக்கு 1,640 மில்லிகிராம் காட்டியது. "2,000க்குள் இருக்கிறது, தாராளமாகக் குடிக்கலாம்" என்று நிறையப் பேர் எழுதினீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

நொய்யல் ஆற்றில் எங்கள் ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் பாசனத்துக்கென்று கட்டினார்கள். தேங்கியது திருப்பூர்ச் சாயத் தண்ணீர். அன்று முதல் வருகிற அதிகாரிகளும் மாணவர்களும் தண்ணீரையும் மண்ணையும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதைக் குடித்து வளர்ந்தவனின் கையைப் பிடித்து ஒரு ஊசி ரத்தம் எடுத்தவர் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. இழப்பீடு என்று வந்தபோதும் கெட்டுப்போன நிலத்துக்குத்தான் கணக்குப் போட்டார்கள். ஆட்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்க வேண்டும் என்கிறேன்.

சாயத்தொழில்:
அண்ணா, உங்கள் வருத்தம் புரியுதுங்க. ஆனால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதற்கு முன்னும் பின்னும் ஒன்றல்ல. இப்போது கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது. ஆர்.ஓ. வடிகட்டியில் போட்டு, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறோம். அதற்காகும் கரன்ட் பில்லை நாங்கள்தான் கட்டுகிறோம்.

உங்கள் கிணற்றில் இருப்பது பெரும்பாலும் பழைய உப்பு. காட்டனில் சாயம் ஏற உப்பும் சோடாவும் வேண்டும், அதுதான் அன்று ஆற்றில் போனது. பயிரைக் கெடுத்தது உண்மை. அதற்காக ஊரையே நோயாளி ஆக்குவதா? துணியைச் சொன்னால், ஐரோப்பாவுக்குப் போகும் பனியனில் சில சாயங்களிலிருந்து பிரியும் அமீன் என்ற நச்சுப் பொருள்களில் தடைசெய்த 22இல் ஒன்று கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினாலும் சரக்கை எடுக்க மாட்டார்கள்.

கோவை ஆய்வகம்:
முதலில் அந்த மீட்டர். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பைக் கணக்கிட்டுச் சொல்கிறது. அவ்வளவுதான். குரோமியம் என்ற உலோகத்துக்குக் குடிநீரில் இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். நீங்கள் சொல்லும் 2,000 என்பதில் இது நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. வரம்பைப் போல பத்து மடங்கு குரோமியம் இருந்தாலும் மீட்டரில் எண் நகராது. தவிர, 2,000 என்பது வேறு தண்ணீர் கிடைக்காத இடத்துக்கான தளர்வு. விரும்பத்தக்க அளவு 500தான்.

அடுத்தது, குடிப்பது யார் என்ற கேள்வி. உலக சுகாதார நிறுவனம் கணக்குக்கு எடுத்துக்கொள்வது, 60 கிலோ பெரியவர் நாளைக்கு 2 லிட்டர், 10 கிலோ குழந்தை 1 லிட்டர். அதே கிணறு, அதே சொம்பு. உடல் எடைக்குப் பார்த்தால் குழந்தைக்குப் போவது மூன்று மடங்கு. எவ்வளவு இருக்கிறது, எந்த வழியாக உள்ளே போகிறது, எத்தனை வருடம், எவ்வளவு எடையுள்ள உடம்புக்கு என்று நான்கையும் சேர்த்தால்தான் அது கணக்கு. தண்ணீர் ரிப்போர்ட்டில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது.

அவிநாசி அக்கா:
எல்லோரும் கிணற்றையே பேசுகிறீர்கள். என் வீட்டுக்காரர் பல வருடம் ஒரு பட்டறையில் சாயம் எடை போடும் அறையில் இருந்தார். டின்னைத் திறந்து கரண்டியால் அள்ளும்போதே பவுடர் பறக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கர்ச்சீப்பில் அன்றைக்கு ஓட்டிய கலர் இருக்கும், நீலமோ சிவப்போ. இப்போது ராத்திரியில் மூச்சு இழுக்கிறது. தைத்து முடித்த பனியனுக்கு லேபில் சோதனை நடந்தது. அவருக்கு யார் செய்தார்கள்?

சாயத்தொழில்:
அக்கா, எங்கள் யூனிட்டில் இப்போது மெஷினே எடை போட்டுக் கலக்குகிறது. மாஸ்க்கும் கொடுக்கிறோம். எல்லா இடத்திலும் அப்படி என்று நான் சொல்லவில்லை.

ஆனால் ரத்தம் எடுத்து என்ன செய்வீர்கள்? சாயத்திலிருந்து வரும் பொருள் பலதும் ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். திங்கட்கிழமை ஒரு எண், ஞாயிற்றுக்கிழமை ஒரு எண். ஒப்பிட நம் மக்களுக்கான அளவு எங்கே? இதற்குள் "அந்த ஊர்க்காரர் ரத்தத்தில் விஷம்" என்று பரவிவிடும். பெண் கொடுக்க எடுக்க யோசிப்பார்கள். ஏற்கெனவே நிலம் விலை போகாத ஊர் அது.

கோவை ஆய்வகம்:
சிறுநீர் பற்றி நீங்கள் சொல்வது சரி, எப்போது எடுத்தோம் என்பது முக்கியம். ஈயம் அப்படியில்லை. ரத்தத்தில் பல வாரம் நிற்கும், எலும்பில் பல ஆண்டு.

வங்கதேசத்தில் கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. பக்கத்தில் பேட்டரித் தொழிற்சாலை கிடையாது. உடம்பில் கண்டதைப் பின்தொடர்ந்து போனபோதுதான், பளிச்சென்று மஞ்சள் நிறம் வர விரலி மஞ்சளில் தேய்த்த லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த நிறப்பொடி பிடிபட்டது. அரசு இறங்கியது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த கலப்படம் 2021இல் காணாமல் போனது. கிணற்றை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால் மஞ்சள்தூள் பக்கம் யார் போயிருப்பார்கள்? மஞ்சளை வைத்துப் பிழைக்கும் ஈரோட்டுச் சீமைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நல்ல மஞ்சளுக்குப் பேர் நிலைப்பதும் இப்படிப்பட்ட சோதனையால்தான்.

சாயத்தொழில்:
அப்படியானால் ஒப்பிட்டுப் பார்க்க, காவிரித் தண்ணீர் குடிக்கும் ஊரிலும் அதே சோதனையைச் செய்யுங்கள். ஊர்ப் பேரை வெளியிடாதீர்கள். இல்லாவிட்டால் நான் எதிர்ப்பேன்.

ஒரத்துப்பாளையத்தான்:
பக்கத்து ஊரையும் சேர்த்துச் செய்யட்டும், நல்லது. பேரை மறைக்கச் சம்மதமில்லை தம்பி. ஆளின் பேரை மறையுங்கள், அது நியாயம். ஊரின் பேரை மறைத்தால் நாளைக்கு எந்த ஊருக்கு நல்ல தண்ணீர் கேட்பது, எந்த ஊருக்கு டாக்டரைக் கேட்பது?

அவிநாசி அக்கா:
இதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். இப்போதே அந்த அறையில் நிற்கும் பிள்ளைகளுக்கு என்ன வழி?

கோவை ஆய்வகம்:
அதற்கு ரத்தம் வேண்டாம் அக்கா. காட்டனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயப் பவுடர் ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பது தெரிந்த விஷயம். பீக் ஃப்ளோ மீட்டர் என்று, மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே விட முடிகிறது என்று ஊதிப் பார்க்கும் சின்னக் குழாய் இருக்கிறது. வேலை நாளில் ஷிப்ட்டுக்கு முன்னும் பின்னும், லீவு நாளிலும் அதே நேரங்களில் ஊதி, சில வாரம் நோட்டில் எழுதட்டும். வேலை நாளில் எண் இறங்கி, லீவில் ஏறினால், அந்த நோட்டோடு நெஞ்சக நோய் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாயத்தொழில்:
இது செய்யக்கூடியது. எங்கள் எடை அறையில் ஆளுக்கு ஒன்று வாங்கி வைக்கிறேன், நோட்டு அவரவரிடமே இருக்கட்டும். ஊர் ஊராக ரத்தம் எடுப்பதில் என் கருத்து மாறவில்லை.