அப்கிரேடு நடுவில் கரண்ட் போய் உபுண்டு எழவில்லை: கோப்புகள் போகாமல் மறுபடி நிறுவ முடியுமா?

கேள்வி

வணக்கம். சிவகாசியில் வீட்டிலிருந்தே டி.டி.பி. வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் உபுண்டு 20.04 (விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளம்). அதற்கான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்ததால் நேற்று சாயங்காலம் 22.04க்கு அப்கிரேடு கொடுத்தேன். எல்லாம் இறங்கி முடிந்து, நிறுவிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

இப்போது ஆன் செய்தால் கருப்புத் திரையில் வரிவரியாக ஓடி, கடைசியில் 'கெர்னல் பேனிக்', 'அனேபிள் டு மவுண்ட் ரூட்' என்று நின்றுவிடுகிறது. கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னுகிறது.

உள்ளே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய ஊர் வரலாற்று நூல் இருக்கிறது, 312 பக்கம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். நான் கடைசியாக பென்டிரைவில் எடுத்து வைத்து மூன்று வாரம் ஆகிறது. பக்கத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் "ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்" என்கிறார். அடித்தால் அவருடைய நூல் போய்விடுமா? ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1

அக்கா, முதலில் பயத்தை விடுங்கள். இந்தப் பிழையை வைத்து ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வந்து உட்கார்ந்துவிட்டது. அது டிஸ்கைத் திறக்கக் கூடவே வேண்டிய 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சிறு கோப்பை உருவாக்குவதற்குள் கரண்ட் போயிருக்கும். கதவு இருக்கிறது, சாவி இன்னும் வெட்டவில்லை, அவ்வளவுதான். பழைய கெர்னல் அங்கேயே இருக்கும்.

ஆன் செய்ததும் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள் (பழைய பயாஸ் வகைக் கணினி என்றால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்). எதை எழுப்புவது என்று கேட்கும் 'குரப்' பட்டியல் வரும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், இரண்டாவதாக இருக்கும் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போக முடிந்தால் இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள். இங்கே தமிழில் எழுதுகிறேன், அங்கே ஆங்கிலத்தில் அடியுங்கள்:

சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

பாதியில் நின்ற நிறுவலை விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்வதுதான் முதல் கட்டளை.

கேட்டவர்

தம்பி, பழைய கெர்னல் எழுந்தது! ஆனால் டெஸ்க்டாப் வரவில்லை. கருப்புத் திரையில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது, கொடுத்து உள்ளே போனேன். முதல் கட்டளை பத்து நிமிடம் ஓடி 'டூ மெனி எரர்ஸ்' என்று நின்றது. இரண்டாவது, நெட் இல்லை என்கிறது. நான் பாட்டுக்கு எதையாவது அடித்து இன்னும் கெடுத்துவிடுவேனோ என்று கையே வரவில்லை.

பதில் 2

அங்கேயே நிறுத்துங்கள் அம்மா. இதைச் சரி செய்ய முடியும், ஆனால் வெள்ளிக்கிழமை வேலையை வைத்துக்கொண்டு பாதி 20.04, பாதி 22.04 ஆக இருக்கும் கணினியோடு மல்லுக்கட்டுவது சரியில்லை. புதிதாக நிறுவுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கோப்புகள் வெளியே வந்துவிட வேண்டும். அது முடியும்வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுங்கள் (அதில் இருப்பது அழிந்துவிடும், பழைய பிரதி இருக்கும் பென்டிரைவை எடுத்துவிடாதீர்கள்). தெரிந்தவர் விண்டோஸ் கணினியில் உபுண்டு 22.04 ஐஎஸ்ஓவை (நிறுவல் கோப்பு) இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் ஏற்றுங்கள். உங்கள் கணினியில் செருகி, எஃப்12ஓ எஃப்2வோ தட்டி பென்டிரைவிலிருந்து எழுப்புங்கள். 'டிரை உபுண்டு', 'இன்ஸ்டால் உபுண்டு' என்று இரண்டு கேட்கும். 'டிரை' கொடுங்கள். டிஸ்கில் எதுவும் மாறாது, பென்டிரைவிலிருந்தே டெஸ்க்டாப் வரும். ஃபைல்ஸ் திறந்தால் இடது பக்கம் உங்கள் டிஸ்க் தெரியும். அதில் 'ஹோம்' உள்ளே உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்கில் போடுங்கள்.

காப்பி செய்வதற்கு முன் கன்ட்ரோல்+எச் அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் அப்போதுதான் தெரியும். லிப்ரே ஆஃபீஸில் நீங்கள் சேர்த்து வைத்த சொற்கள், தானியங்கித் திருத்தப் பட்டியல் எல்லாம் '.கன்ஃபிக்' உள்ளேதான். வெளி டிஸ்க் ஃபேட்32 என்ற வடிவத்தில் இருந்தால் 4 ஜிபி அளவுள்ள கோப்பு ஏறாது, பார்த்துக்கொள்ளுங்கள். காப்பி முடிந்ததும் அந்த நூலின் கோப்பை வெளி டிஸ்கிலிருந்தே திறந்து, கடைசிப் பக்கம்வரை உருட்டிப் பாருங்கள். பெயர் தெரிகிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள்.

பிறகு 'இன்ஸ்டால்' கொடுத்து, 'சம்திங் எல்ஸ்' தேர்ந்தெடுங்கள். பழைய ரூட் பார்ட்டிஷனை (டிஸ்கில் உபுண்டு இருக்கும் பகுதி) வகை எக்ஸ்ட்4, மவுண்ட் பாயின்ட் '/' என்று வைத்து, ஃபார்மட் டிக்கை மட்டும் போடாமல் விட்டால் பழைய சிஸ்டம் கோப்புகளை நீக்கிவிட்டு ஹோமை அப்படியே வைத்துக்கொள்ளும். பயனர் பெயர் பழையதே கொடுங்கள். 'இரேஸ் டிஸ்க்' பக்கம் போகவே வேண்டாம்.

பதில் 3

மேலே சொன்னது எல்லாம் சரி. டி.டி.பி. வேலை என்பதால் ஒன்று கேட்கிறேன் அக்கா. நூல் யூனிகோடா, பாமினி மாதிரி (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவம் காட்டும்) பழைய எழுத்துருவா? எழுத்துருக்களை எங்கே போட்டிருக்கிறீர்கள்?

கேட்டவர்

ஐயோ, நல்லவேளை கேட்டீர்கள். ஆசிரியர் பத்து வருடத்துக்கு முன் தட்டச்சிட்டுக் கொடுத்த முதல் ஐந்து அத்தியாயம் பாமினிதான். எழுத்துருக்களை அண்ணன் ஒருவர் வந்து எல்லாருக்கும் பொதுவாக 'யுஎஸ்ஆர் / ஷேர் / ஃபாண்ட்ஸ்' உள்ளே போட்டுக் கொடுத்தார்.

பதில் 3

அதுதான் சந்தேகம். அந்த இடம் ஹோமில் இல்லை. ஃபார்மட் செய்யாமல் நிறுவினாலும் 'யுஎஸ்ஆர்' துடைக்கப்படும். எழுத்துரு இல்லாமல் பாமினி கோப்பைத் திறந்தால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாக வரும். கோப்பு கெட்டுவிட்டதென்று பதறிப் போவீர்கள். அந்த ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். மைஎஸ்கியூஎல் மாதிரி தரவுத்தளம் எதிலாவது கணக்கு வைத்திருந்தால் 'வார் / லிப்' உள்ளே இருக்கும், அதுவும் போய்விடும்.

நிறுவிய பிறகு எழுத்துருக்களைப் பழைய இடத்தில் போடாதீர்கள். ஹோமில் '.லோக்கல் / ஷேர் / ஃபாண்ட்ஸ்' உள்ளே போட்டு, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் 'எஃப்சி-கேஷ் -எஃப்' கட்டளையைக் கொடுங்கள். அடுத்த தடவை ஹோமை எடுத்தாலே எழுத்துருவும் கூட வந்துவிடும்.

கேட்டவர்

முடிந்தது! நேற்று ராத்திரி பென்டிரைவில் எழுப்பி எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் எடுத்தேன். சில ஃபோல்டரில் பூட்டு மாதிரி படம் காட்டி அனுமதி இல்லை என்றது. தம்பியிடம் போனில் கேட்டு டெர்மினலில் 'சூடோ' (நிர்வாகி அனுமதி) போட்டு எடுத்தேன். நூலை 312ஆம் பக்கம்வரை உருட்டிப் பார்த்த பிறகுதான் இன்ஸ்டால் தொட்டேன். ஃபார்மட் டிக் இல்லை என்பதை மூன்று தடவை பார்த்தேன்.

22.04 வந்துவிட்டது. டெஸ்க்டாப்பில் நான் வைத்திருந்த ஃபோல்டர்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. முதல் அத்தியாயத்தைத் திறந்ததும் நீங்கள் சொன்ன மாதிரியே அரைப்புள்ளியும் ஆங்கிலமுமாக வந்தது. எழுத்துருக்களைப் போட்டு லிப்ரே ஆஃபீஸை மூடித் திறந்தேன், எல்லாம் தமிழாக மாறிவிட்டது. அந்த நேரம் கண் கலங்கிவிட்டது.

தமிழ்99 தட்டச்சு முறை மட்டும் இன்னும் வரவில்லை, விசைப்பலகைப் பட்டியலில் காணோம்.

பதில் 1

ரொம்ப சந்தோஷம் அக்கா. 'ஐபஸ்-எம்17என்' என்ற பாக்கேஜை நிறுவி, ஒரு தடவை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். செட்டிங்ஸில் கீபோர்டு, இன்புட் சோர்சஸ், தமிழ் என்று போனால் தமிழ்99 இருக்கும். யுபிஎஸ் பேட்டரியையும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்

தமிழ்99 வந்துவிட்டது தம்பி, இந்தப் பதிலையே அதில்தான் அடிக்கிறேன். பேட்டரிக்குச் சொல்லியாயிற்று. 187ஆம் பக்கத்தில் ஒரு படம் நகர்ந்திருக்கிறது, அதைச் சரி செய்யப் போகிறேன்.