"இதை மட்டும் செய்ய மாட்டேன்" என்று எப்போது முடிவெடுத்தீர்கள்?

பழைய காக்கி எழுதியது:

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். லாக்கப்பில் ஒரு பையன், பதினேழு பதினெட்டு வயதிருக்கும். சைக்கிள் திருட்டு. மேலதிகாரி லத்தியை என் கையில் திணித்து, "ரெண்டு போடு, பழகிக்கோ" என்றார். போட்டேன். இரண்டு இல்லை, நான்கு. அவன் சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளி மாட்டியிருந்தான். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கித் தொங்கியது. முகம் மறந்துவிட்டது, அந்தச் சட்டை மறக்கவில்லை. மறுநாள் சைக்கிள் கிடைத்தது. எடுத்தது வேறு ஆள்.

அடிக்கக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியாமலா இருந்தது? பயிற்சியில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவன்தான். ஆனால் அந்த அறையில் யோசிக்கக் கிடைத்தது இரண்டு மூச்சு நேரம். அதற்குள் நல்லது கெட்டதை ஆராய்ந்து முடிவுக்கு வர என்னால் முடியவில்லை. முன்பே முடிவெடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்த வாரம் எடுத்தேன். ஓடுகிறவனைத் துரத்துவேன், கத்தி எடுத்தால் அடிப்பேன், பிடித்து உட்கார வைத்தபின் தொட மாட்டேன். வீரமெல்லாம் இல்லை. விசாரணை என்றதும், "சார், வாக்குமூலத்தை நான் எழுதுறேன்" என்று காகிதத்தோடு உட்கார்ந்துவிடுவேன். "கை நோகாத வேலை" என்று கிண்டல் செய்வார்கள். பக்கத்து அறையில் சத்தம் கேட்கும். எழுதிக்கொண்டே இருப்பேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

பதினான்கு வருடப் படைவீரன் எழுதியது:

எனக்கு நடந்தது ஒரு கடிகாரத்தில். தேடுதலுக்குப் போயிருந்தோம். முந்தின நாள்தான் எங்கள் ஆள் ஒருவனைக் கண்ணிவெடியில் பறிகொடுத்திருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை, எல்லோருக்கும் உள்ளே கொதிக்கிறது. அந்த வீட்டில் ஒன்றும் அகப்படவில்லை. வெளியே வரும்போது பார்க்கிறேன், அலமாரித் தட்டில் தூசிக்கு நடுவே வட்டமாக ஒரு சுத்தமான இடம். கூட்டாளியின் பைக்குள் டிக் டிக் என்று சத்தம்.

"எடுத்த இடத்துல வை" என்றேன்.

"போன உசுருக்கு ஒரு கடிகாரம் ஈடாடா?"

"ஈடில்லதான். வை."

வைத்தான். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

ஒரு கடிகாரத்துக்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். வியட்நாமின் மை லாயில் 1968 மார்ச் 16 அன்று நூற்றுக்கணக்கான பொதுமக்களைச் சுட்டுக் கொன்ற அமெரிக்கப் படைப்பிரிவும், அதற்கு முந்தைய வாரங்களில் கண்ணிவெடிகளில் ஆட்களை இழந்த பிரிவுதான். எங்களுக்கு இருந்த அதே கொதிப்பு. அன்று மேலே ஹெலிகாப்டரில் பறந்துகொண்டிருந்த ஹ்யூ தாம்ப்ஸனுக்கு வயது 24. தன் படைக்கும் ஊர்மக்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். நம் ஆட்கள் இந்த மக்களைச் சுட்டால் நீ அவர்களைச் சுடு என்று தன் துப்பாக்கி வீரரிடம் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். அப்படிச் சொல் என்று எந்தக் கட்டளையும் அவருக்கு வரவில்லை. முதலில் கொடுத்த பதக்கத்தின் சான்றிதழில் பொய் எழுதியிருந்ததால் அதைத் தூக்கி எறிந்துவிட்டாராம். நடந்ததைச் சொல்லிக் கொடுத்த பதக்கம் 1998இல்தான் வந்தது. இடைப்பட்ட வருடங்களில் கிடைத்தது துரோகிப் பட்டமும் கொலை மிரட்டலும்.

கதவைத் திறந்தவள் எழுதியது:

நான் போலீஸும் இல்லை, ராணுவமும் இல்லை. ஒருநாள் நடுராத்திரி அண்ணனைத் தேடி நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் டார்ச்சை எங்கள் முகத்தில் அடித்தார்கள். ஒருவர் மட்டும் தரையில் அடித்தார், அம்மா படியில் தடுக்காமல் இறங்குவதற்காக. அண்ணனைக் கூட்டிக்கொண்டுதான் போனார்கள், அதில் மாற்றமில்லை. இருந்தாலும் அம்மா இன்றும் அந்த ஒருவரைப் பற்றித்தான் பேசுகிறாள்.

குறுக்குக் கேள்வி எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் சொந்த நியாயம் என்றாலே எனக்குப் பயம். என்னோடு வேலை பார்த்த ஒருவர் லஞ்சம் வாங்க மாட்டார், குடிக்க மாட்டார், கோர்ட்டில் தப்பிவிடுவான் என்று நினைத்தவனை மட்டும் "நானே தீர்த்துடறேன்" என்பார். அவரிடமும் ஒரு நெறி இருந்தது. உறுதியாகவும் இருந்தது. அதைவிட விதிப் புத்தகம் மேல் இல்லையா?

பதினான்கு வருடப் படைவீரன் எழுதியது:

நல்ல கேள்வி, நானும் இதில் குழம்பியிருக்கிறேன். நான் பார்ப்பது ஒன்றுதான்: விதியை மீறினால் அடி யார் மேல் விழுகிறது? சுவிட்சர்லாந்தில் பால் க்ரூனிங்கர் என்று ஒரு போலீஸ் தலைமை அதிகாரி. 1938இல் எல்லையை மூடிவிட்டார்கள். அவர் யூத அகதிகளின் காகிதங்களில் முன்தேதி போட்டு நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே விட்டார். மறு வருடம் வேலை போனது, பென்ஷனும் போனது. 1972இல் செத்துப்போனார். நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது 1995இல். அவர் மீறியதற்கு அவரே விலை கொடுத்தார். உங்கள் நண்பர் மீறியதற்கு விலை கொடுத்தவன் இன்னொருவன்.

புது ஆள் எழுதியது:

இப்போது பணியில் இருக்கிறேன். பழைய காக்கி ஐயா கோபிக்கக் கூடாது. 2020இல் அமெரிக்கப் போலீஸ் பிடியில் இறந்த கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் மூத்த அதிகாரியின் முழங்கால் அழுந்தியிருந்த 9 நிமிடம் 29 வினாடியில், அவர் கால்களைப் பிடித்திருந்த அதிகாரி வேலைக்குப் புதியவர். பக்கவாட்டில் திருப்பலாமா என்று இரண்டு முறை கேட்டார். மூத்தவர் வேண்டாம் என்றார், அதோடு விட்டுவிட்டார். பிறகு அவரும் சிறைக்குப் போனார். பயிற்சியில் அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து, மூன்றாவது முறை நான் கேட்பேனா என்பதுதான் என் கேள்வி. நீங்கள் கை வைக்கவில்லை, சரி. பக்கத்து அறைச் சத்தம்?

பழைய காக்கி எழுதியது:

கோபமில்லை தம்பி. அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

லத்தியைக் கொடுத்த அந்த மேலதிகாரி போன வருடம் வீட்டுக்கு வந்திருந்தார். நடக்கச் சிரமப்படுகிறார். பேச்சுவாக்கில், "அன்னைக்கெல்லாம் ஏன்டா பேப்பரைத் தூக்கிட்டு ஓடுவே?" என்றார். சொன்னேன், சட்டைப் பொத்தான் வரைக்கும். கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமேடா" என்றார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன்பின் வரவில்லை.