ஏசியைக் கேட்காதீர்கள், மாலை நேரத்தைக் கேளுங்கள்: சிங்கப்பூர் வளாக விடுதி அனுபவங்கள்

மதுரைக்காரன் (பொறியியல், முன்னாள் மாணவன்)

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த விடுதியில் ஏசி இருக்கிறது?" என்பதுதான். வெயிலில் வளர்ந்த நமக்கு இந்தக் கவலை ஏனோ! அங்கே ஹால், உறைவிடக் கல்லூரி, ரெசிடென்ஸ் எனப் பல வகைத் தங்குமிடங்கள் உண்டு. வகுப்பு முடிந்த பிறகு உங்கள் பொழுது யாருக்குச் சொந்தம் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

நான் இருந்தது யூடவுன் என்னும் வளாகப் பகுதியில் உள்ள ஓர் உறைவிடக் கல்லூரியில். முன்பு வாரன் கோல்ஃப் மைதானமாக இருந்த இடத்தில் 2011இல் முதல் கல்லூரிகள் தொடங்கின. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 600 பேர். தூங்குவது மாடியில், படிப்பது அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில். செருப்புக் காலோடு வகுப்புக்கு இறங்கிவிடலாம். வழக்கமான பட்டப்படிப்போடு, இரண்டு ஆண்டுகளில் கல்லூரி நடத்தும் சில பாடங்களையும் படிக்க வேண்டும். அப்போது ஆர்சி4 என்று அழைக்கப்பட்ட கல்லூரியில் அமைப்புகளைப் பற்றிய சிந்தனை, ஆலிஸ் அண்ட் பீட்டர் டான் கல்லூரியில் சமூக ஈடுபாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்கு.

பிரச்சினை பாடத்தில் இல்லை, வகுப்பில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து வாதாடும் வட்ட மேசையில் இருக்கிறது. வாய் திறக்காமல் இருப்பதே நல்ல பிள்ளைக்கு அழகு என்று சொல்லும் பள்ளியிலிருந்து போனவன் நான். சட்ட மாணவி ஒருத்தி என் வாதத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, இரவு உணவுக்கு என் பக்கத்திலேயே தட்டோடு வந்து உட்கார்ந்தாள். கோபமா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை! பிறகு பழகிவிட்டது. ஆசிரியர்கள் சிலரும் அங்கேயே குடியிருப்பதால், காலையில் மதிப்பெண்ணைக் குறைத்தவரை மாலையில் துணி துவைக்கும் அறையில் பார்க்க நேரும். பக்கத்து டெம்புசு உறைவிடக் கல்லூரியின் ரெக்டராக, அதாவது தலைவராக, அப்போது இருந்தவர், ஐ.நா. கடல் சட்ட மாநாட்டுக்குத் தலைமை வகித்த டாமி கோ. அங்கே நடக்கும் கலந்துரையாடல்களுக்கு நாங்களும் போய்ப் பின்வரிசையில் உட்காருவோம்.

ஈசூன் பெண்

அண்ணா ஹாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்து வளாகத்துக்கு எம்ஆர்டி ரயில், பஸ் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். "வீடு இருக்கும்போது வாடகை எதற்கு?" என்று அப்பா கேட்டார். நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை, ஹாலுக்குப் போய்விட்டேன்.

ஹாலில் பாடம் கிடையாது, புள்ளிகள் உண்டு. விளையாட்டு, நாடகம், நடனம் என்று இணைப்பாட நடவடிக்கைகளில் சேர்க்கும் புள்ளிகளைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு அறை கொடுப்பார்கள். ஹால்களுக்கு இடையிலான போட்டிகள் வந்துவிட்டால் யாரும் நேரத்தோடு படுக்கமாட்டார்கள். மூத்த ஹாலான ஏழாம் எட்வர்ட் ஹால் 1916இல் மருத்துவ மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. அந்தப் பழம்பெருமை மற்ற ஹால்களுக்கும் எப்படியோ தொற்றிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

நான் வலைப்பந்து ஆடினேன். இரண்டாம் ஆண்டில் முழங்கால் பிசகியது, புள்ளி குறைந்தது, இடம் போய்விட்டது. எந்த ஹால் என்று சொல்லப்போவதில்லை. எனக்கு நடக்க முடியாத நாள்களில் பக்கத்து அறை மலாய்த் தோழி தினமும் சாப்பாடு எடுத்து வந்து தந்தாள். அதற்கு அவளுக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. அவளும் அந்த ஆண்டோடு வெளியேறினாள். நட்பு வேண்டுமா, ஹாலுக்குப் போங்கள். முதல் ஆண்டிலேயே கடினமான படிப்பு வைத்திருப்பவர்கள் யோசித்துப் போங்கள்.

முனைவர் பட்ட மாணவன்

எனக்கு இந்த இரண்டுமே ஒத்துவராது. ஆய்வுக்கூடத்திலிருந்து இரவு திரும்புகிறவனிடம் யாரும் நாடகத்துக்கு ஆள் கேட்கக் கூடாது. யூடவுன் ரெசிடென்ஸில் நான்கு தனியறைகள் கொண்ட வீட்டில் ஓர் அறை எடுத்தேன். சமையல் பொதுவில். கூட இருந்தவர்களில் ஒருவர் சீனாவின் செங்டு நகரத்துக்காரர். அவர் எண்ணெயில் வரமிளகாயை வறுத்தால் மற்ற மூவரும் இருமிக்கொண்டு வெளியே ஓடுவோம். நான் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையிலிருந்து குண்டு மிளகாய் வாங்கிக் கொடுத்தேன். காரம் போதவில்லை என்றார்! என் வாழ்நாளில் எந்தச் சீனரும் என்னிடம் இப்படிச் சொல்வார் என்று எதிர்பார்த்ததில்லை. மற்ற இருவரின் முழுப்பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மதுரைக்காரன்

தங்கைக்கு நடந்தது அநியாயம். காயம்பட்டவர்களுக்கு விலக்கு உண்டா என்று சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன வழி என்று சைவம் சாப்பிடுகிறவர்கள் தனியாகக் கேட்டிருந்தார்கள். ஹாலிலும் உறைவிடக் கல்லூரியிலும் உணவுத் திட்டம் கட்டாயம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பணம் கட்ட வேண்டும். சைவ வரிசை உண்டு. சுவையைப் பற்றி நான் பேசமாட்டேன். காலையும் இரவும்தான் அதில் அடக்கம், மதிய உணவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். சமைத்துத்தான் தீருவேன் என்பவர்கள் ரெசிடென்ஸுக்கு விண்ணப்பியுங்கள்.