பியூகாசில் சிலுவைத் தண்டின் பின்னலை வரைவதில் சிக்கல்

கேள்வி: இங்கிலாந்தில் கம்ப்ரியாவின் பியூகாசில் தேவாலய முற்றத்தில் நிற்கும் பழைய கற்சிலுவைத் தண்டின் தெற்கு முகத்தில் செதுக்கிய பின்னலைப் படம் பார்த்து வரைகிறேன். மேல், கீழ் என மாறி மாறிப் போகவேண்டிய இழை, நடுவில் ஓரிடத்தில் தொடர்ந்து இரண்டு முறை மேலே வருகிறது. சிற்பியின் பிழையா?

பதில் 1: பெரும்பாலும் இல்லை. இழைகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் தேய்ந்துபோன ஒன்றை விட்டிருப்பீர்கள். முதலில் புள்ளிக் கட்டம் போட்டு மூலைவிட்டங்களை வரையுங்கள். சிக்குக் கோலம் போட்டவர்களுக்கு இது பழகிய வேலை. இழை எங்கே திரும்புகிறதோ அங்கே கோட்டை முறியுங்கள். மேல், கீழ் என்பதைக் கடைசியில் குறியுங்கள். முதலிலேயே குறித்தால் ஒரு பிழை கடைசிவரை ஓடும்.

பதில் 2: படத்திலேயே குறை இருக்கலாம். நேர் வெளிச்சத்தில் மணற்கல் தட்டையாகிவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லோடு 10–15 பாகை சாய்வில் பிடித்து, நான்கு திசைகளிலிருந்தும் எடுங்கள். வெளிச்சம் போகும் திசையிலேயே ஓடும் இழை படத்தில் மறைந்துவிடும். வடக்கு முகத்துக்கு ஜூன் மாத மாலை வெயில் சாய்வாக விழும். சாக்பீஸ் வேண்டாம், பாசியைச் சுரண்டவும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: ஒப்பிட ஸ்காட்லாந்தின் ரூத்வெல் கற்சிலுவை உதவுமா?

பதில் 3: பின்னலுக்கு உதவாது. அதன் குறுகிய பக்கங்களில் பறவையும் விலங்கும் கனி கொத்தும் கொடிச்சுருள்தான். ஓரத்தில் ரூன் என்னும் பழைய ஜெர்மானிய எழுத்து. பியூகாசிலின் கிழக்கு முகக் கொடியோடு அதை ஒப்பிடலாம். ரூத்வெல் 1887 முதல் தேவாலயத்துக்குள் இருப்பதால் வெளிச்சம் உங்கள் கையில். ஒரு எச்சரிக்கை: 17ஆம் நூற்றாண்டில் உடைக்கப்பட்டதை அவ்வூர்ப் பாதிரியார் ஹென்றி டங்கன் 1823இல் நிறுத்தியபோது குறுக்குக் கையைப் புதிதாகச் செதுக்கவைத்தார். அதைப் பழைய வேலையாக எண்ணிவிடாதீர்கள்.