அம்மாவை இழந்த அப்பாவுக்கு வாசிக்க, பார்க்க ஏதாவது சொல்லுங்க

உறவுகளே, வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடியைச் சேர்ந்தவன்/ள். அம்மா போய் நாலு மாதம். 31ஆம் நாள் கிரியை வரைக்கும் வீடு நிறைய ஆட்கள், அப்புறம் அப்பாவும் நானும்தான். அம்மாவின் தையல் மெஷினில் பாதி தைத்த சட்டை அப்படியே இருக்கிறது, ஊசியும் துணியில் இறங்கினபடியே. வெள்ளிக்கிழமை தோறும் அப்பா மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைப்பார். துணியை மட்டும் எடுக்க விடமாட்டார்.

அவர் அதிகம் பேசுவதில்லை, ஆனால் வாசிப்பார். அதனால்தான் கேட்கிறேன்.

சோனாலி தெரணியகலவின் 'வேவ்' (Wave, 2013) என்ற நினைவுக்குறிப்பு எனக்கு மிகவும் உதவியது. 2004 சுனாமியில், யாலவில், கணவர், இரண்டு மகன்கள், அம்மா, அப்பா எல்லாரையும் ஒரே நாளில் இழந்தவர். கோபத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் நான் வாசித்தது ஆங்கிலத்தில், அப்பாவுக்கு ஆங்கில வாசிப்பு ஓடாது. அதோடு நாவலடிப் பக்கம் அந்த நாளைக் கண்ணால் பார்த்தவர் அவர், கடலைப் பற்றி இப்போது கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

தமிழில், துணையை இழந்த வயதானவர் அதற்குப் பிறகு எப்படி நாளைக் கழிக்கிறார் என்று சொல்லும் நாவல், சிறுகதை, நினைவுக்குறிப்பு ஏதும் தெரியுமா? எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லம். படம் என்றால் தமிழ்ப் பேச்சு வேண்டும், ஆஸ்பத்திரிக் காட்சிகள் வேண்டாம். 'கவலையை மறப்பது எப்படி' வகைப் புத்தகங்களும் வேண்டாம், அவர் மறக்க விரும்பவில்லை.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் இரவல் தரக்கூடியவர்கள் இருந்தால் நானே வந்து வாங்கிக்கொள்வேன்.